நான்காவது வட்டம்

கருவிக்காரர் வீட்டில் சுவர்க் கடிகாரம் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. கதவைச் சாத்தினால்தான் மணி தெரியும். குடிவந்த அன்று அந்தச் சுவரில் ஏற்கெனவே ஓர் ஆணி இருந்தது. கடிகாரத்தை அதில் மாட்டினார். பதினெட்டு வருடங்களாக அந்த வீட்டில் மணி பார்க்க வேண்டியவர்கள் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிறார்கள், பார்க்கிறார்கள், மறுபடி திறந்து வைக்கிறார்கள். யாராவது கேட்டால், "அங்க ஆணி இருந்துச்சு" என்பார். அதற்கு மேல் ஒரு காரணம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில்லை.

தொழிற்படிப்பில் கருவிப் பிரிவை எடுத்ததும் அப்படித்தான். விண்ணப்பம் வாங்கும் இடத்தில் அந்த வரிசைதான் குட்டையாக இருந்தது. கல்யாணமும் அப்படித்தான். பெண் வீடு பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் இருந்தது.

வேலை சோப்புத் தொழிற்சாலையில். கலவைத் தொட்டியில் சோப்பு கூழாகும். அடுத்ததாக ரோலர், மூன்று உருளைகள் கூழை மெல்லிய சீவலாக நசுக்கித் தள்ளும். சீவல் ஒரு சரிவுத் தகட்டில் வழுக்கிக்கொண்டு பிழியல் மெஷினுக்குள் விழும். அது சீவலை அழுத்தி நீளக் கட்டியாக வெளியே தள்ளும். பிறகு வெட்டு, அச்சு, கடைசியில் காகிதம் சுற்றும் மேசை. இந்த வரிசை நெடுக இருந்த மீட்டர்களின் கண்ணாடியை விரலால் ஒரு தட்டுத் தட்டி, முள் காட்டும் எண்ணை எழுதிக்கொண்டு போவதுதான் கருவிக்காரரின் தினசரி. முள் ஆடாமல் நின்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவருக்கு அர்த்தம். செத்துப்போன மீட்டரின் முள்ளும் ஆடாது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நிர்வாகம் வரிசைக்கு ஏழு சென்சார்கள் வாங்கியது. வாங்கிய கம்பெனியிலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்து இரண்டு நாள் வரிசையை மேலும் கீழும் நடந்தார். எது எப்படிக் கெடும், கெட்டால் எங்கே என்ன மாறும் என்று ஒவ்வொரு மெஷின் ஓட்டுபவரிடமும் கேட்டு எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் ஏழு வட்டங்கள் போட்ட வரைபடத்தைக் கருவிக்காரரிடம் கொடுத்தார். நான்காவது வட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது சரிவுத் தகட்டு மேல. ரோலருக்கும் பிழியலுக்கும் நடுவுல. இதை மட்டும் நகர்த்தவே கூடாது. கட்டி சூடா வந்தா விரிசல் விடும். சூடு ரோலர்ல இருந்தும் வரலாம், பிழியல்ல இருந்தும் வரலாம். நடுவுல பாத்தாதான் எதுல தப்புன்னு பிரிக்க முடியும். பிழியலைத் தாண்டி வச்சீங்கன்னா ரெண்டும் ஒண்ணுபோலத்தான் காட்டும். புரியுதா சார்?"

"புரியுது மேடம்."

"என்ன புரிஞ்சுது?"

"நடுவுல வைக்கணும்."

"ஏன்?"

"நீங்க சொல்றீங்க."

அவர் கருவிக்காரரின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு போனார். பிறகு வரவில்லை.

கருவிக்காரர் மஞ்சள் பெயின்டால் ஏழு வட்டங்கள் போட்டார். உள்ளே எண் எழுதினார். வட்டம் போடுவதில் அவர் கெட்டிக்காரர். ஏழும் ஒரே அளவில், பிசிறில்லாமல் இருந்தன. அதன் பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கலவைத் தொட்டிக்காரர், "இத்தனை வருஷம் நான் பாத்தது போதாதா, இந்தப் பொட்டு வேற பாக்கணுமா?" என்றார். அவருக்காக ஒன்றை அரை அடி நகர்த்தினார். அச்சு மெஷின்காரர் தன் சாப்பாட்டுப் பை மாட்டும் இடம் அது என்றார். அதையும் நகர்த்தினார். இதனால் பெரிய கெடுதல் எதுவும் வரவில்லை. பை தொங்கும் இடத்தில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அச்சு மெஷின் ஒன்றுதான்.

கெடுதல் நான்காவது வட்டத்தில் இருந்தது. ஏனென்றால் ரோலர் ஓட்டியவர் அவருடைய மைத்துனர்.

ரோலரில் ஒரு வேலைதான் முக்கியம். ஓட ஓடத் திருகு தளர்ந்து உருளைகளின் இடைவெளி அகலும். ஒன்றரை மணிக்கு ஒருமுறை திருகைத் திருப்பி அதைச் சரிசெய்ய வேண்டும். விட்டால் சீவல் தடித்து, ஆறாமல் சூட்டோடு போகும். மைத்துனர் காலையில் ஒரு திருப்புத் திருப்புவார். அத்தோடு சாயங்காலம் வரை திருகுக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. தேநீர்க் கடையில் இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போது மனைவி கேட்டாள்.

"ஏங்க, என் தம்பி மெஷின்ல ஏதோ ஒட்டப் போறீங்களாமே."

"அவன் மெஷின்ல இல்ல. பக்கத்துல."

"பக்கத்துலன்னா? அவன் எழுந்தா உக்காந்தா காட்டிக் கொடுக்குமா?"

"சோப்புச் சூட்டைத்தான் காட்டும்."

மைத்துனர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "மாமா, சூடு ஏறுச்சுன்னா யாரைக் கேப்பாங்க? என்னைத்தானே. அடுத்த மாசக் கடைசியில சூப்பர்வைசர் ஓய்வு. என் பேரும் லிஸ்ட்ல ரெண்டாவதா இருக்கு. இப்பப் போயி வைக்கிறீங்க."

"வரைபடத்துல அங்கதான் இருக்கு மச்சான்."

"வரைபடம் வந்து உங்களுக்குச் சோறு போடுதா?" என்றாள் மனைவி. கேட்டுக்கொண்டே அவர் தட்டில் சோறு போட்டாள்.

திங்கட்கிழமை நான்காவது சென்சார் பிழியல் மெஷினின் வாய்க்கு மேலே பொருத்தப்பட்டது. அங்கே ஏற்கெனவே இரண்டு போல்ட்டு ஓட்டைகள் இருந்தன. மாற்றத்துக்கான படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் 'சரிவுத் தகட்டில் இடவசதி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சரிவுத் தகடு நாலு அடி நீளம். அதன் மேலிருந்த மஞ்சள் வட்டத்தைச் சாம்பல் பெயின்டால் மூடினார். மைத்துனர் அன்று அவருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

பிழியல் மெஷினை ஓட்டிய பெண்ணை எல்லோரும் அக்கா என்பார்கள். மேனேஜர் மட்டும் 'என்னம்மா' என்பார். இருபத்திரண்டு வருட வேலை. கையில் எப்போதும் ஒரு துடைக்கிற துணி. சூப்பர்வைசர் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. அந்த வேலை கிடைத்தால் அந்த மெஷின் வரிசைக்கு வரும் முதல் பெண் சூப்பர்வைசர். அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. ஆனால் மாதாந்திர அறிக்கை எப்படி எழுதுவது என்று பழைய சூப்பர்வைசரிடம் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார்.

இரண்டாவது வாரம் சோப்பில் விரிசல் வந்தது. மேனேஜரின் மேசையில் ஒரு சின்னத் திரை உண்டு. கோளாறு எங்கே என்று அதில் எழுத்து ஓடும். எந்த மெஷினின் மேல் சென்சார் உட்கார்ந்திருக்கிறதோ அதைத்தான் முதலில் சொல்லும். சந்தேகம் வேறொன்றின் மேலும் இருந்தால் அது இரண்டாவது வரியில் வரும். திரையில் ஒரு வரிக்குத்தான் இடம். இரண்டாவது வரியைப் பார்க்க ஓரத்தில் இருக்கும் அம்புக்குறியை அமுக்க வேண்டும். மேனேஜர் அதை அமுக்கியதில்லை. அது அலங்காரத்துக்கு என்று நினைத்திருக்கலாம். திரையில் 'பிழியல் மெஷின்' என்று வந்தது. அக்காவுக்கு முதல் குறிப்பாணை போனது.

மூன்று குறிப்பாணை வாங்கியவர் பட்டியலில் இருக்க முடியாது. அது எல்லோருக்கும் தெரியும்.

அக்கா மெஷினைப் பிரித்துப் பார்த்தார். குளிர்நீர்க் குழாயைக் கழற்றி ஊதினார். எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த வாரம் மறுபடி விரிசல், இரண்டாவது குறிப்பாணை. அன்று சாயங்காலம் சரிவுத் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சாம்பல் பெயின்ட் துணியோடு வந்துவிட்டது. சோப்புத் தொழிற்சாலையில் மலிவான பெயின்ட் எத்தனை நாள் நிற்கும். அடியில் மஞ்சள் வட்டம். உள்ளே நாலு. அக்கா நிமிர்ந்து தன் மெஷினின் வாயைப் பார்த்தார். அங்கிருந்த சென்சாரிலும் நாலு.

மறுநாள் கருவிக்காரர் மீட்டர் தட்ட வந்தபோது கேட்டார்.

"சார், நாலு ரெண்டு இருக்கா?"

"அது பழசு அக்கா."

"வச்சே மூணு வாரம்தான் ஆகுது. அதுக்குள்ள பழசாயிடுச்சா?"

"இடம் பத்தல. அதான் தள்ளி வச்சேன்."

அக்கா சரிவுத் தகட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கையை நீட்டிக் காட்டினார். கருவிக்காரர் ஒரு மீட்டரைத் தட்டினார்.

அன்றிலிருந்து அக்கா ஒரு வேலை செய்தார். அவரிடம் ஒரு மாதக் காலண்டர் இருந்தது. தினமும் காலையில் தகட்டில் விழும் சீவலில் ஒன்றை எடுத்து அந்தத் தேதிக் கட்டத்தில் அழுத்தினார். ஈரச் சோப்பு, தானே ஒட்டிக்கொண்டது. மதியம் மூன்று மணிக்கு இன்னொன்றைப் பக்கத்தில் ஒட்டினார். காலைச் சீவலுக்கு அடியில் தேதி மங்கலாகத் தெரிந்தது. மதியச் சீவலுக்கு அடியில் தெரியவில்லை. பதினோரு நாளும் அப்படியே. சென்சார் பார்த்திருக்க வேண்டியதை ஒரு காலண்டர் பார்த்தது.

மூன்றாவது விரிசலுக்கு விசாரணை என்று மேனேஜர் கூப்பிட்டார். மேனேஜர் நல்ல மனிதர் என்று பெயர். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொல்வதைக் கேட்பார். அக்காவும் கருவிக்காரரும் மேசைக்கு முன்னால் நின்றார்கள். அக்கா காலண்டரை விரித்து வைத்தார்.

"என்னம்மா இது?"

"ரோலர்ல இருந்து வர்ற சீவல் சார். காலையில மெலிசா வருது. மதியம் தடிப்பா வருது. திருகைத் திருப்புறதில்ல. சூடு அங்கிருந்து வருது. என் மெஷின்ல இல்ல."

"இதெல்லாம் யாரு ஒட்டச் சொன்னா?"

"யாரும் சொல்லல. அங்க இருக்க வேண்டிய கருவி அங்க இல்ல. அதான் நான் பாத்தேன். அந்த அம்புக்குறிய ஒரு தடவ அமுக்கிப் பாருங்க சார்."

"அதுல என்ன இருக்கு?" மேனேஜர் கருவிக்காரரைக் கேட்டார்.

கருவிக்காரருக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். திரையைப் பொருத்தியவர் அவர்தான். "அதேதான் சார். திரும்ப வரும்" என்றார்.

அக்கா மேசைக்கு மேல் குனிந்து தானே அமுக்கினார். 'அல்லது ரோலர்' என்று வந்தது. மேனேஜர் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"அல்லதுன்னுதானேம்மா போட்டிருக்கு. முக்கியமானதைத்தானே முதல்ல போடுவாங்க." பிறகு காலண்டரைத் தொட்டார். சோப்பு விரலில் ஒட்டியது. "சரி, இதை என்னன்னு எடுத்துக்கறது? நீங்க சொல்லுங்க சார், இது அளவீடா?"

அந்த அறையில் கருவிகளைப் பற்றிப் படித்தவர் அவர் ஒருவர்தான். ஒரு வார்த்தை போதும். நான்தான் நகர்த்தினேன் என்று கூட வேண்டாம், ஆமாம் என்றால் போதும். கருவிக்காரர் சட்டைப் பையிலிருந்த பேனாவைச் சரிசெய்தார்.

"இதை அளவீடுன்னு சொல்ல முடியாது சார். இதுக்குக் கேலிபரேஷன் இல்ல, அளவு சரிபாத்த முத்திரை இல்ல."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். கோபத்தோடு என்று சொல்ல முடியாது. செருப்பால் எதையோ மிதித்துவிட்டு என்னவென்று பார்ப்பதுபோல. பிறகு காலண்டரைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனார்.

அக்காவைக் காகிதம் சுற்றும் மேசைக்கு மாற்றினார்கள். பட்டியலில் முதல் பெயர் அடிக்கப்பட்டது. பிழியல் மெஷின் பிரச்னை பிடித்த மெஷின், அதற்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று மேனேஜர் யோசித்தார். வரப்போகும் சூப்பர்வைசர் அதையும் ஓட்டிப் பழகட்டும் என்று மைத்துனரை அதில் போட்டார். சுற்றும் மேசையிலிருந்த ஒருவர் ரோலருக்கு வந்தார். மைத்துனர் அவருக்குக் கால் மணி நேரத்தில் தொழில் சொல்லிக் கொடுத்தார். "காலையில ஒரு திருப்பு. அவ்வளவுதான். மத்ததெல்லாம் அதுவே பாத்துக்கும்."

நான்காம் நாள் விரிசல். திரையில் 'பிழியல் மெஷின்' என்று வந்தது. மைத்துனருக்கு முதல் குறிப்பாணை.

அன்று சாயங்காலம் கருவிக்காரர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மனைவி ஆரம்பித்தாள்.

"அந்தச் சனியனை எடுத்து வேற எங்கயாவது வைங்க."

"எங்க வைக்க? நீங்க ரெண்டு பேரும்தானே அங்க வைக்கச் சொன்னீங்க."

"நாங்க ரோலர்ல வைக்காதீங்கன்னு சொன்னோம். இவன் மெஷின்ல வைங்கன்னா சொன்னோம்?"

"அப்ப இது இவன் மெஷின் இல்ல."

"இப்ப இவன் மெஷின்தானே. முதல்ல வைக்கச் சொன்ன இடத்துக்கே மாத்துங்க." கதவைச் சாத்தி மணி பார்த்தாள். "படிச்ச மனுசன் மாதிரி ஏதாவது ஒண்ணு செய்யுங்க."

கருவிக்காரர் மேனேஜரிடம் போனார். நான்காவது சென்சாரைச் சரிவுத் தகட்டுக்கு மாற்றினால் நன்றாக இருக்கும் என்று பொதுவாகச் சொன்னார். மேனேஜர் கோப்பை எடுத்தார்.

"இடவசதி இல்லன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. இப்ப எப்படி வந்துச்சு இடம்?"

"பாத்தா இருக்கற மாதிரி இருக்கு சார்."

"சும்மா மாத்த முடியாது. ரோலர் மேல சந்தேகம்னா ஆதாரம் கொடுங்க. ஒரு பதினஞ்சு நாள் கணக்கு ஏதாவது இருந்தா மேல அனுப்பலாம்."

அப்படிப்பட்ட ஆதாரம் அங்கே ஒன்றுதான் இருந்தது. கருவிக்காரர் சுற்றும் மேசைக்குப் போனார். அக்கா சோப்பைக் காகிதத்தில் வைத்து மடித்துக்கொண்டிருந்தார். விரிசல் விட்டதைத் தனியே ஒரு தொட்டியில் போட்டார்.

"அக்கா, அந்தக் காலண்டர் இருக்கா?"

"எந்தக் காலண்டர் சார்?"

"சீவல் ஒட்டினீங்களே. அதுல அளவு இருக்கு."

"அது அளவீடு இல்லையே. கேலிபரேஷன் இல்லன்னாங்களே யாரோ."

"இப்ப தேவைப்படுது அக்கா."

"கழுவிட்டேன் சார். சோப்புதானே. ரெண்டு நாள் துணி துவைக்க ஆச்சு. நல்ல நுரை." இன்னொரு சோப்பை எடுத்து மடித்தார். "ஆதாரம் எதுக்கு சார் உங்களுக்கு? நகர்த்தினவரு நீங்க. நான்தான் நகர்த்தினேன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்தா முடிஞ்சுது. என் மூணு குறிப்பாணையும் போயிடும், உங்க மச்சானோட ஒண்ணும் போயிடும். பேனா வச்சிருக்கீங்கள்ல."

கருவிக்காரர் பேனாவைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது.

"ஒரு நாலஞ்சு சீவலாவது மிச்சம் இருக்குமா?" என்றார்.

அக்கா பின்னால் இருந்த தொட்டியில் விரிசல் விட்ட ஒரு சோப்பைப் போட்டார்.

ஒரு வரி எழுதுவதைவிட பதினைந்து நாள் நிற்பது கருவிக்காரருக்குச் சுலபமாக இருந்தது. ஒரு புதிய காலண்டர் வாங்கினார். காலையிலும் மதியமும் சரிவுத் தகட்டின் அருகே போய் நின்று சீவல் எடுத்து ஒட்டினார். ரோலருக்கு வந்திருந்த புது ஆள் பயந்துபோனார். காலண்டரும் பேனாவுமாக ஒருவர் பக்கத்தில் வந்து நின்றால் யாருக்கும் பயம் வரும். அவர் தலை தெரிந்ததும் புது ஆள் ஓடிவந்து திருகைத் திருப்பினார். பிறகு எப்போது வருவாரோ என்று மணிக்கொரு தடவை திருப்பினார்.

காலைச் சீவலும் மதியச் சீவலும் ஒரே தடிமனில் ஒட்டிக்கொண்டன. பதினைந்து நாளில் காலண்டர் முழுவதும் தேதி தெரிந்தது. ரோலர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

விரிசலும் நின்றுவிட்டது.

மேனேஜர் காலண்டரைப் புரட்டிப் பார்த்துப் பாராட்டினார். அக்காவை மாற்றினோம், விரிசல் நின்றது, திரை சொன்னது சரிதான் என்று மேலே எழுதினார். கோப்பு மூடப்பட்டது. மைத்துனர் மாதக் கடைசியில் சூப்பர்வைசர் ஆனார். ஆள் வரும்வரை பிழியல் மெஷினும் அவர் பொறுப்பு என்றார்கள். மாதாந்திர அறிக்கை எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியாததால் அதையும் கருவிக்காரரே வீட்டில் உட்கார்ந்து எழுதினார்.

வேலை முடிந்தது என்று கருவிக்காரர் காலண்டரை மூட்டைகட்டினார். மாமனாருக்குக் கண் ஆபரேஷன் என்று இரண்டு நாள் லீவு எடுத்தார். இரண்டாம் நாள் மதியம் விரிசல் வந்தது. பொறுப்பில் இருந்தவர் பெயருக்கு, சூப்பர்வைசர் என்றும் பார்க்காமல், இரண்டாவது குறிப்பாணை வந்தது. மைத்துனர் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கே வந்துவிட்டார். தகப்பனாரின் கட்டுப் போட்ட கண்ணைப் பார்க்கவில்லை.

"மாமா, நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"உங்கப்பாவுக்குத்தான்."

"அவருக்கு நர்ஸ் இருக்காங்க. நீங்க அங்க போயி நில்லுங்க. நீங்க நின்னாத்தான் அவன் திருப்புறான்."

"நீதானே சூப்பர்வைசர். நீ நில்லு."

"நான் நின்னா டீக்கடைக்கு யாரு போறது?" என்றார் மைத்துனர். வேடிக்கையாகச் சொல்லவில்லை.

மனைவி அப்பாவின் தலையணையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "போங்க. இங்க நின்னு நீங்க என்ன கிழிக்கப் போறீங்க."

அதிலிருந்து கருவிக்காரர் தினமும் அங்கே நிற்கிறார். காலையில் ஒன்றரை மணி நேரம், மதியம் இரண்டு மணி நேரம். எந்தப் படிவத்திலும் இது எழுதப்படவில்லை. அவர் நிற்கிற இடத்தில் முழங்கைக்குப் பக்கத்தில் மஞ்சள் வட்டம் இருக்கிறது. சாம்பல் பெயின்ட் சுத்தமாகப் போய்விட்டது. லீவு கிடையாது. காய்ச்சல் வந்தாலும் வந்து நிற்கிறார். கையில் ஏதாவது வேண்டும் என்று அந்தக் காலண்டரை வைத்திருக்கிறார். அதில் எதுவும் ஒட்டுவதில்லை. ரோலர் ஆள் அதைப் பார்த்தால் போதும்.

அக்கா சுற்றும் மேசைக்குப் போகும் வழி அதுதான். முதல் சில நாட்கள் அவரைக் கவனிக்காமல் போனார். ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு வரிசையைக் காட்டிக்கொண்டு வந்தார். இது கலவை, இது ரோலர், இந்தச் சின்னப் பெட்டிதான் சென்சார், இப்படி ஏழு இருக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சரிவுத் தகட்டின் அருகே நின்றார். கருவிக்காரரின் தோளிலும் கண்ணாடியிலும் வெள்ளையாகச் சோப்புத் தூள் படிந்திருந்தது.

"இவரு யாருக்கா?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"நாலாம் நம்பர்" என்றார் அக்கா. இடுப்பிலிருந்த துடைக்கிற துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "அப்பப்ப துடைச்சுக்கங்க சார். தூள் அடைச்சா சரியாக் காட்டாது."

கருவிக்காரர் துணியை வாங்கி, கண்ணாடியைத் துடைத்தார்.